ஓப்பன் என்றால் நிறுத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் லீட் ஹஃபிஸ் கேட்டார். சர்வீஸ் மெஷ் வேலைக்கு என்னென்ன ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்களே கேட்டீர்களாம். சந்தோஷம். ஆனால் சொல்லும் பொருளுமாகப் பட்டியல் போட்டுத் தருவதற்கு நான் ஆள் இல்லை. அது உங்கள் கைப்பேசியிலேயே கொட்டிக் கிடக்கிறது. எந்தச் சொல் யாரை எப்போது காலை வாரிவிட்டது என்று வேண்டுமானால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதெல்லாம் ஒரு மனிதர் மேல் எனக்கு இருந்த பொறாமையைப் பற்றியது. ‘இருந்த’ என்று எழுதியது தப்பு. இருக்கிற. பணி ஓய்வு பெற்றுக் கிள்ளானில் வீட்டோடு இருக்கிறேன், காலையில் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறேன், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் அவர் பெயரை யாராவது சொன்னால் வயிறு எரிகிறது. ஆகவே பெயரைச் சொல்ல மாட்டேன். மதுரையிலிருந்து வேலை விசாவில் வந்தவர். மதுரைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் நம் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் லோரிகளுக்கு நுழைவு அனுமதி கொடுக்கும் மென்பொருள்தான் அன்றைக்கும் நம் பிழைப்பு. லோரி கேட்டில் வந்து நின்றதும் அதன் எண்ணைப் பார்க்க ஒரு புரோகிராம், பெட்டியைப் பார்க்க ஒன்று, சுங்கத்தில் சரிபார்க்க ஒன்று என்று சின்னச் சின்னப் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். யார் யாரோடு பேசலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், பதில் வராவிட்டால் எத்தனை தடவை கேட்கலாம் என்று அந்தப் பேச்சைக் கட்டி மேய்க்கிற ஏற்பாடுதான் மெஷ். ஒவ்வொரு புரோகிராமின் பக்கத்திலும் ஒரு துணை உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற பேச்சையெல்லாம் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் சைட்கார். ஐரோப்பாவிலிருக்கும் நம் தலைமையகத்தார் அதை விளக்குவதற்குப் படமெல்லாம் போட்டார்கள். மோட்டார்சைக்கிள் பக்கத்தில் பெட்டியை வைத்து ரோஜாக் விற்பவரிடம் வாங்கித் தின்று வளர்ந்தவர்களுக்குப் படம் எதற்கு? அந்த ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

மற்ற சொற்கள் அப்படியில்லை.

மதுரைக்காரர் வந்த முதல் நாள், கூட்ட அறை இருட்டாக இருந்தது. அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, லைட்ட ஓப்பன் பண்ணுங்க,” என்றேன்.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “ஓப்பன் பண்றதா? ஏன்க்கா, டியூப் போயிருச்சா? ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?”

அறையில் இருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. “ஓ, போடச் சொல்றீங்களா? எங்க ஊர்ல லைட்டப் போடுன்னுதான்க்கா சொல்லுவோம். தொறக்கிறதுன்னா கதவு, டப்பா, வாய்,” என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். தமிழே தெரியாத எங்கள் சீன மேனேஜர்கூட என்ன ஜோக் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தனியாக ஒரு முறை சிரித்தார்.

நமக்கு இங்கே லைட்டும் ஓப்பன்தான், ஃபேனும் ஓப்பன்தான், ஏர்கோனும் ஓப்பன்தான். மலாயில் ‘புக்கா’ என்றால் திற. விளக்கைப் போடுவதற்கும் அதே புக்காதான். அது நம் ஆங்கிலத்துக்குள்ளும் தமிழுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறேன், ஒருத்தரும் ஸ்க்ரூ டிரைவர் தேடியதில்லை. வந்த அன்றைக்கே என் வாயை வைத்து எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாரே என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

சிரிப்போடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த வருடம்தான் எங்கள் குழுவுக்கு லீட் என்று ஒரு பதவி வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. தலைமையகத்தோடு பேசுகிற குரல் அந்த லீட்டுடையதாக இருக்கும். சர்வர் அறையில் முட்டி போட்டுக் கேபிள் இழுத்த காலத்திலிருந்து நான் இருக்கிறேன். எனக்குத்தான் கிடைக்கும் என்று நானே முடிவு செய்து, என் மகளிடமும் சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெறுவதற்கு முன்னால் என் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்த்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. எனக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் இந்த மனிதர் தன் வழவழ ஆங்கிலத்தோடு வந்து நின்றார்.

முதல் அடி ‘டிரெய்ன்’ என்ற சொல்லில் விழுந்தது. ரயில் இல்லை, தண்ணீர் வடிகிற டிரெய்ன்.

ஒரு சர்வரைப் புதுப்பிப்பதற்கு முன்னால் அதை டிரெய்ன் செய்யுங்கள் என்று இணையக் கூட்டத்தில் தலைமையகத்தார் சொன்னார்கள். நமக்கு டிரெய்ன் என்றால் லோங்காங், வீட்டு வாசலில் ஓடுகிற சாக்கடை. அதில் போட்டால் போனதுதான். நான் மைக்கைத் திறந்து, அப்படியென்றால் அந்த சர்வரில் இருக்கிற கோரிக்கைகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் ஒருத்தர் தொண்டையைச் செருமினார்.

மதுரைக்காரர் சட்டென்று புகுந்தார். என் சக ஊழியர் கேட்பது, முடிவதற்கு ரொம்ப நேரம் எடுக்கும் கோரிக்கைகளை மட்டும் கடைசியில் வெட்டிவிடலாமா என்பதைத்தான் என்று அழகாகத் திருப்பிச் சொன்னார். அந்தப் பக்கத்தில், நல்ல கேள்வி என்று என்னைப் பாராட்டினார்கள். நான் கேட்காத கேள்விக்குக் கிடைத்த பாராட்டு. என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். அதற்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதோடு விட்டாரா? மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் போனோம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“அக்கா, அங்க பாருங்க,” என்றார் மதுரைக்காரர். “உள்ள இருக்கிறவங்க நிதானமா சாப்பிட்டு முடிக்கலாம். புதுசா யாரும் வரக்கூடாது. இலை எல்லாம் காலியானதும் கடையைக் கழுவுவாங்க. இதான்க்கா டிரெய்ன்.”

நான் மோரை வாயில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். விளக்கம் அவ்வளவு சரியாக இருந்தது. இத்தனை வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறேன். அந்த ஷட்டர் பாதி இறங்குவதை எத்தனை தடவை குனிந்து கடந்து போயிருப்பேன். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விளக்கம். என் கடையில், என் ஷட்டரில், நேற்று வந்தவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோர் இறங்கவே இல்லை.

உங்களுக்கு இதில் இருக்கிற பாடம் இதுதான். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியும் என்று நினைப்பதற்கு முன்னால், அந்தச் சொல்லின்படி நடந்தால் கண்ணெதிரே என்ன நடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறங்குகிறதா, இலை பறக்கிறதா என்று. யார் சொல்லிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிடிக்காதவர் சொல்லிக் கொடுத்தால் சாகும்வரை மறக்காது. எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பேசுகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். எங்கேயாவது சறுக்குவார், பிடிக்கலாம் என்றுதான். ஒரு தடவை, கூட்டத்தை முன்கூட்டியே வைக்கலாம் என்பதற்கு இந்தியாவில் மட்டும் புழங்குகிற ‘ப்ரீபோன்’ என்ற சொல்லைப் போட்டார். தலைமையகத்தில் எங்களோடு பேசுகிற அம்மாள் அது என்ன சொல் என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மகளுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். காலையும் மாலையும் கொமுட்டர் ரயிலில் மெஷ் கையேடுகளை வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். உள்ளதைச் சொன்னால், படிக்கிற ஆர்வத்தில் படிக்கவில்லை. அவரை மட்டம் தட்ட ஒரு சொல் கிடைக்காதா என்றுதான் படித்தேன். அதனாலேயே நன்றாகப் படித்தேன்.

இரண்டாவது அடி ‘ரிவர்ட்’.

தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த ஒரு தொழிற்சாலைக்காக லோரிகளின் வழியை மாற்றிக் கொடுத்திருந்தோம். அங்கே இருந்த அதிகாரி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ‘வழி மாற்றம் குறித்து மதியத்துக்குள் ரிவர்ட் செய்யவும்.’ நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பதில் போடு. மதுரையிலும் அப்படித்தானாம். ஆனால் நம் தொழிலில் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கு. சுங்கை பூலோவிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், கையேட்டைக் கரைத்துக் குடித்தவள், மதியத்துக்குள் சமர்த்தாக எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டாள். லோரிகள் பூட்டிக் கிடந்த பழைய கேட்டுக்குப் போய் நின்றன.

அவள் பேன்ட்ரியில் போய் நின்று அழுதாள். “அழுவாத லா,” என்றேன். “நீ இங்கிலீஷ சரியாத்தான் படிச்ச. நாங்கதான் ஊர் இங்கிலீஷ சொல்லிக் குடுக்கல. மூஞ்ச கழுவிட்டு வா, சேர்ந்து மாத்துவோம்.”

மாற்றியது நானும் அவளும். தொழிற்சாலைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். சாயங்காலம் தலைமையகத்துக்கு விளக்கம் சொன்னவர் மதுரைக்காரர். ‘ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தது, அந்தச் சொல்லுக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்’ என்றார். ஒரே வரி. அந்த அம்மாளுக்கு அந்த வரி அவ்வளவு பிடித்துப்போய், மறுவாரம் வேறொரு கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னாராம். வேர்க்க விறுவிறுக்க நான் செய்த வேலையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. செய்தவளை விட்டுவிட்டுச் சொன்னவரைக் கொண்டாடுகிறார்களே என்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் இப்போது உங்கள் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ‘செய்’ என்கிற மாதிரி ஒரு சொல் கடிதத்தில் வந்தால், கை வைப்பதற்கு முன்னால் ஒரு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும் என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.

இனி பெரியதுக்கு வருகிறேன்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். துறைமுகத்தில் வருடத்திலேயே நெரிசலான நாட்கள். லீட் யார் என்ற பெயரை வார முடிவில் தலைமையகத்துக்கு அனுப்பப்போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தோம். ஒரு கேட்டில் அனுமதி வர நேரமாகிறது என்று புகார் வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கேட்டிலிருந்தும் அதே புகார்.

சுங்கச் சரிபார்ப்புப் புரோகிராம் திணறிக்கொண்டிருந்தது. அது பதில் சொல்லாததால் மற்ற புரோகிராம்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. கேட்கக் கேட்க அது இன்னும் திணறியது. லோரி வரிசை பண்டமாரான் வரைக்கும் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. நான் பண்டமாரானில் வளர்ந்தவள். அந்தச் சாலையில் லோரிகள் நின்றுவிட்டால் பள்ளி பஸ் உள்ளே வராது, ஆம்புலன்ஸ் வெளியே போகாது, ஓட்டுநர்கள் ஒதுங்க ஓர் இடமில்லாமல் வெயிலில் கிடப்பார்கள்.

இதற்கென்றே மெஷ்ஷில் சர்க்யூட் பிரேக்கர் என்று ஒன்று இருக்கிறது. வீட்டு மின்பெட்டியில் இருக்கிற பிரேக்கர் மாதிரிதான். திணறுகிற புரோகிராமுக்குப் போகும் போக்குவரத்தைத் துண்டித்துவிட்டால் அது மூச்சு வாங்கி எழுந்துகொள்ளும். அதுவரைக்கும் கேட்டில் கையால் எழுதி லோரியை உள்ளே விடலாம். இப்போது கவனமாகக் கேளுங்கள். மின்சாரக்காரர்கள் பேச்சில் பிரேக்கர் ஓப்பன் என்றால் கம்பி விட்டுப்போயிருக்கிறது, எதுவும் ஓடாது. க்ளோஸ் என்றால் கம்பி சேர்ந்திருக்கிறது, எல்லாம் ஓடும். மெஷ் கையேடுகளிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. அதாவது, ஓப்பன் என்றால் நிறுத்து.

தலைமையகத்து அம்மாளும் அவருடைய ஆட்களும் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. மதுரைக்காரர் பேசட்டும் என்று அந்த அம்மாளே சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. இந்தக் கூட்டம்தான் லீட் பதவிக்கு நேர்காணல் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பிரேக்கரைக் கையால் இயக்குகிற திரை ஹஃபிஸிடம் இருந்தது. இன்றைக்கு உங்கள் லீட்டாக இருக்கிற அதே ஹஃபிஸ்தான். அந்தத் திரையில் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு பட்டன். பச்சை என்றால் அந்தக் கேட்டிலிருந்து சுங்கத்துக்குப் போக்குவரத்து ஓடுகிறது. சிவப்பு என்றால் நிற்கிறது. மெஷ் தானாகவே பாதியைச் சிவப்பாக்கியிருந்தது. மீதிப் பாதி பச்சையாக இருந்து அந்தப் புரோகிராமின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பச்சையை எல்லாம் சிவப்பாக்க வேண்டும். மதுரைக்காரர் எடுத்ததும் அதே முடிவுதான். குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் முடிவில் குறையே இல்லை.

“ஹஃபிஸ், ஓப்பன் த பிரேக்கர்,” என்றார்.

“ஓகே பாஸ். ஆல் ஓப்பன் ஆ?”

“யெஸ். ஆல் ஓப்பன். கீப் இட் ஓப்பன்.”

“ஓகே. ஆல் ஓப்பன்.”

சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தாகிவிட்டது. திரையில் அந்த அம்மாள் தலையை ஆட்டினார். நான் ஹஃபிஸின் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் திரைப் பக்கம் குனிந்து தனக்குத்தானே முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

“புக்கா செமுவா.”

எல்லாவற்றையும் திற. அவருடைய மவுஸ் சிவப்புப் பட்டன்களை நோக்கிப் போனது. நின்றுபோன பாதியையும் ஓட விடப்போகிறார். அது நடந்தால் சுங்கப் புரோகிராம் மொத்தமாகப் படுத்துவிடும், கேட்டுகள் எல்லாம் உறைந்துவிடும், அன்றைக்குள் எழுப்ப முடியாது.

அந்த நொடியில் என் மனதில் என்ன ஓடியது என்று சொல்லவா? பண்டமாரான் ஓடவில்லை, ஓட்டுநர்கள் ஓடவில்லை. ‘மாட்டினான்’ என்று ஓடியது. எத்தனை மாதமாகக் காத்திருந்தேன். கடைசியில் ஒரு சொல் சறுக்கிவிட்டது, அதுவும் தலைமையகத்தின் கண்ணெதிரே. அந்தச் சந்தோஷத்தை ஒரு விநாடிகூட என்னால் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

“ஹஃபிஸ், புக்கான் புக்கா. துத்துப். துத்துப் செமுவா,” என்று அறை அதிரக் கத்தினேன். திறக்கிறது இல்லை, மூடு, எல்லாவற்றையும் மூடு. கத்திவிட்டு மதுரைக்காரர் பக்கம் திரும்பினேன்.

“தம்பி, இந்த ஊர்ல ஓப்பன்னா ஓடும். நிக்காது. மொத நாளே சொல்லிக் குடுத்தேன்ல?”

அதோடு நிற்காமல், திரையில் இருந்தவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னேன். ரயிலில் படித்த ஆங்கிலம் அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது.

ஹஃபிஸ் சுட்டதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தார். பிறகு நிதானமாகப் பச்சையை ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினார். கேட்டுகளில் கையால் எழுத ஆரம்பித்தார்கள். லோரிகள் மெதுவாக நகர்ந்தன. சுங்கப் புரோகிராம் மூச்சு வாங்கி எழுந்தது.

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. நான் மட்டும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் கதை அன்றோடு முடிந்திருக்கும். நாற்காலி என்னுடையது. கொஞ்சம் பொறுமையுள்ள எதிரியாக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நான் அவசரக்காரி. தப்பு என்று நாலு பேர் முன்னால் சுட்டிக் காட்டுகிற ருசிக்காக வாயைத் திறந்தேன். அவர் மூக்கை உடைக்கப் போய் அவரையே காப்பாற்றிவிட்டேன்.

மதுரைக்காரர் கதவோரம் இருந்த சுவிட்சை ஒரு தடவை பார்த்தார். முதல் நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. பிறகு திரையைப் பார்த்துப் பேசினார். ‘இந்த அறைக்கு நான் சொன்ன சொல் தவறு. யாருக்கும் கெடுதல் வருவதற்கு முன்னால் என் சக ஊழியர் அதைப் பிடித்துவிட்டார். அவருக்கு நன்றி. இனிமேல் இந்தக் குழுவில் யாரும் ஓப்பன், க்ளோஸ் என்று சொல்ல மாட்டோம். நிறுத்து, ஓட விடு என்று மட்டும்தான் சொல்வோம்’ என்றார்.

கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க விடுவேனா? “அது போதாது,” என்றேன். “வார்த்தைய திருப்பிச் சொன்னா ஒன்னும் ஆவாது. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொன்னீங்க, ரெண்டு பேரு மனசுலயும் வேற வேற அர்த்தம். எந்தப் பட்டன் என்ன கலராவும்னு சொல்லச் சொல்லணும்.”

உங்கள் சுவரில் ஒட்டியிருக்கிற விதி இதுதான். முதல் பாதி அவருடையது, இரண்டாம் பாதி என்னுடையது. இந்தத் தொழிலில் நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் அது அந்த இரண்டாம் பாதிதான். ‘புரிந்ததா’ என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள்.

வார முடிவில் லீட் பெயர் போனது. அவர் பெயர்தான்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தார். “யூ கேட்ச் இட். வெரி குட், சீரியஸ்லி,” என்றார். “பட் ஹி டுக் இட் லா. யூ ஸ்கோல்ட் ஹிம் லைக் தட், ஹி ஸே தேங்க் யூ.” நான் பிடித்தேன், அவர் வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் நான் திட்ட, அவர் நன்றி சொன்னார். லீட் என்பவர் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். எவ்வளவோ ஆங்கிலச் சொற்களை ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தேன். என்னை வீழ்த்திய கேட்ச், டுக் இரண்டும் ஆரம்பப் பள்ளிச் சொற்கள்.

திருடியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அவர்தான் எல்லார் முன்னிலையிலும் பெருமையை எனக்குக் கொடுத்துவிட்டாரே. கொடுத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? அன்று சாயங்காலம் கிள்ளான் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

“கெடச்சிச்சாம்மா?” என்று மகள் வாசலிலேயே கேட்டாள்.

“இல்ல லா,” என்றேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவள் கேட்காமல் இருந்ததில்தான் எனக்கு அழுகை வந்தது.

அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். நல்ல லீட்தான், எழுதும்போதே கை கூசுகிறது. பிறகு அவரைத் தலைமையகத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். காலியான நாற்காலிக்கு மேனேஜர் என்னைக் கேட்டார். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்த இலையில் நான் உட்காருவதா? ஹஃபிஸுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் பணி ஓய்வு விருந்தை அதே வாழையிலைக் கடையில்தான் வைத்தார்கள். எனக்கு மாலையெல்லாம் போட்டார்கள். ரசம் ஊற்றுகிற நேரத்தில் ஹஃபிஸ் தன் கைப்பேசியை டம்ளரில் சாய்த்து என் எதிரில் வைத்தார். வீடியோவில் மதுரைக்காரர். ஐரோப்பாவில் குளிர்காலம், அங்கே இன்னும் விடியவில்லை. திரை கும்மிருட்டாக இருந்தது.

“அக்கா, வணக்கம். எப்படி இருக்கீங்க?” என்று குரல் மட்டும் வந்தது.

இன்றைக்கும் வந்து என் இலைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாரே என்று எனக்கு வழக்கம்போல வயிறு எரிய ஆரம்பித்தது. “கொரல்தான் வருது தம்பி. மூஞ்சியே தெரியலயே,” என்றேன்.

“ஒரு நிமிஷம்க்கா.” அவர் பக்கவாட்டில் திரும்பி மனைவியிடம் சொல்வது கேட்டது. “ஏம்மா, லைட்டக் கொஞ்சம் ஓப்பன் பண்ணு.”

அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. ஹஃபிஸ் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சொன்னவருக்கே தான் சொன்னது தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது. என் ஷட்டரை எடுத்துக்கொண்டு போனார், என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் என் சொல்லையும் எடுத்துக்கொண்டு போய், அந்தக் குளிரில், மதுரைக்காரியான தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவும் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கினேன். அது சுகமாக இறங்கியது.

“என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க?” என்றார்.

“ஒன்னுமில்ல தம்பி,” என்றேன். “இப்ப மூஞ்சி நல்லா தெரியுது.”